டாஸ்மேனியன் டெவில்: கேட்டவர்களுக்குப் பதில்

டெவில் என்பது ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் வாழும், ஊன் தின்னும் பைவிலங்கு. அந்தத் தீவின் தலைநகர் ஹோபார்ட்டில் பதினோரு ஆண்டுகளாக எனக்கு இதுதான் வேலை. பிவிசி குழாய்ப் பொறியில் இறைச்சி வைத்து டெவிலைப் பிடித்து, கோணிப்பையில் போட்டு, வாயைத் திறந்து புற்றுக்கட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விட்டுவிடுவேன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோவையிலிருந்து: டெவில்களுக்கு முகத்தில் வரும் புற்றுநோயை எந்த வைரஸ் பரப்புகிறது?

வைரஸே இல்லை. முதல் கேள்வியாக இது வந்ததில் மகிழ்ச்சி.

1996-இல் டாஸ்மேனியாவின் வடகிழக்கே, மவுண்ட் வில்லியம் பக்கம் ஒரு புகைப்படக்காரர் முகமெல்லாம் கட்டியாக இருந்த டெவிலைப் படமெடுத்தார். பின்னால்தான் விஷயம் தெரிந்தது: ஒரு டெவிலிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுவது கிருமியல்ல, புற்றணுவேதான். எப்போதோ செத்துப்போன ஒரு பெட்டையின் நரம்புறைச் செல் அது. அந்தப் பெட்டை மண்ணாகிவிட்டது. அதன் செல் மட்டும் வாய்க்கு வாய் தாவி இன்றும் பெருகிக்கொண்டிருக்கிறது.

பிறர் சிறுநீரகத்தை நம் உடம்பு ஏற்காதே, இதை எப்படி ஏற்கிறது? 'நான் யார்' என்று காட்டும் மூலக்கூறுகளைச் செல்லின் மேற்பரப்பில் காட்டாமல் ஒளித்துவிடுகிறது இந்தப் புற்று. காவலுக்கு நிற்கும் வெள்ளணுக்கள் ஏமாந்துவிடுகின்றன. டெவில்கள் இரையைப் பங்கிடும்போதும் இணைசேரும் காலத்திலும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். கடிபட்டதுதான் மாட்டிக்கொள்ளும் என்று நினைப்பீர்கள். ஆனால் கட்டிமேல் வாய்வைத்துக் கடித்த முரட்டு விலங்குகளே அதிகம் மாட்டுகின்றன. கட்டி தெரிந்த பிறகு பெரும்பாலும் ஓராண்டு தாண்டாது. நோய் நெடுநாள் இருந்த இடங்களில் எண்ணிக்கை ஏறத்தாழ 80 விழுக்காடு சரிந்தது. 2014-இல் தென்கிழக்கில் இரண்டாவது வகையும் தென்பட்டது. அது ஓர் ஆண் விலங்கில் தனியே தொடங்கியது.

திருச்சி, பத்தாம் வகுப்பு மாணவி: ஒரு தடவைக்கு எத்தனை குட்டி போடும் சார்?

இருபதுக்கு மேல், அரிசி அளவில். ஆனால் தாயின் பைக்குள் இருப்பது நாலே காம்பு. முதலில் போய்க் கவ்விக்கொள்ளும் நாலு பிழைக்கும். மீதிக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

மெல்பர்னிலிருந்து: விடுமுறைக்குக் காரில் வருகிறோம். எங்கே பார்க்கலாம்?

மாலை ஆறுக்குப் பிறகு சாலையில் வேகமாகப் போனால் உங்கள் சக்கரத்துக்கு அடியிலேயே பார்ப்பீர்கள். அடிபட்ட வாலபியை (சிறிய கங்காரு வகை) தின்ன டெவில் சாலைக்கு வரும், அடுத்த வண்டி அதையும் அடிக்கும். இருட்டியபின் மெதுவாக ஓட்டுங்கள். செத்த விலங்கைக் கண்டால், பாதுகாப்பாக நிறுத்த முடிந்தால், ஓரத்துக்கு இழுத்துப் போடுங்கள்.

நாமக்கல், கால்நடை மருத்துவர்: தெருநாய்களின் பிறப்புறுப்பில் நாங்கள் பார்க்கும் டிவிடி (TVT, இணைசேரும்போது தொற்றும் புற்று) கட்டியும் இதே ரகம்தானே?

இதே ரகம்தான் ஐயா. உங்கள் மேஜைக்கு வரும் அந்தக் கட்டியும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் செத்த ஒரே நாயின் செல். இணைசேரும்போது தொற்றி உலகமெல்லாம் சுற்றிவிட்டது. டெவிலை அழிவின் விளிம்புக்குத் தள்ளிய விஷயம், நாயினத்தோடு சமாதானமாகக் குடித்தனம் நடத்துகிறது. நீங்கள் வாரம் ஒரு வின்கிறிஸ்டின் என்ற புற்றுமருந்து ஊசி போட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும். டெவிலுக்கும் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள், கட்டி அசையவில்லை. அசைந்திருந்தாலும் வாராவாரம் காட்டுக்குள் தேடிப்பிடித்து ஊசி போடுவது யார்?

எனக்கு நம்பிக்கை தருவது வேறு. சில டெவில்களிடம் கட்டி தானாகச் சுருங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். மரபணுவிலும் சில தலைமுறைகளுக்குள் மாற்றம் தெரிகிறது. நோய் உச்சத்தில் இருந்தபோது நோயுற்ற ஒரு விலங்கு மூன்றுக்கு மேற்பட்ட விலங்குகளுக்குத் தொற்ற வைத்தது, பிறகு அது ஏறத்தாழ ஒன்றுக்கு இறங்கியது என்று 2020-இல் ஓர் ஆய்வு சொன்னது.

சென்னையிலிருந்து: வைரஸுக்குத் தடுப்பூசி உண்டா?

முதல் பதிலைப் படியுங்கள். வைரஸ் இல்லை. இரையில் வைத்துக் கொடுக்கும் தடுப்புமருந்துக்கு ஆய்வு நடக்கிறது.

பெர்த்திலிருந்து: டாஸ்மேனியாவின் கிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள மரியா தீவில் டெவிலைக் கொண்டுபோய் விட்டு அங்கிருந்த பெங்குவின்களைத் துடைத்தெறிந்தீர்களே, அதற்கு என்ன பதில்?

நடந்தது உண்மை. 2012, 2013-இல் நோயில்லாத 28 டெவில்களை அங்கே விட்டார்கள். சில ஆண்டுகளில் நூறளவுக்குப் பெருகின. 2012-இல் 'குட்டிப் பெங்குவின்' என்ற சிறிய இனத்தில் சுமார் மூவாயிரம் இணைகள் கூடு கட்டிய தீவில், பின்பு ஒன்றும் மிஞ்சவில்லை. இதை மழுப்பமாட்டேன். ஆனால் அன்று டெவில் காட்டில் அடியோடு ஒழிந்துவிடும் என்பதே பேச்சு.

அதே பெர்த்: கோழிக்கூண்டுக்குள் கீரியை விட்டுவிட்டு 'கீரி அருகிவிட்டது' என்பதா? அந்தத் தீவில் டெவில் என்றைக்கும் இருந்ததில்லையே.

இருந்ததில்லை, சரி. ஆனால் குட்டிப் பெங்குவின் தென் ஆஸ்திரேலியக் கரையெங்கும் உண்டு, நியூசிலாந்திலும் உண்டு. டெவிலுக்குக் காட்டில் இருப்பது டாஸ்மேனியா மட்டும். 2012-இல் என்னைக் கேட்டிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன். இன்று கேட்டால் மாட்டேன்.

ஹோபார்ட்டிலிருந்து ஒருவர்: அண்ணா, நீங்களே இப்படிச் சொன்னால் எப்படி? மரியா விலங்குகளை வைத்துத்தானே டாஸ்மேனியப் பெரிய தீவுக் காட்டில் புது ரத்தம் சேர்த்தோம்?

சேர்த்தோம் தம்பி, மறுக்கவில்லை. வேலிக்குள்ளும் வளர்க்கலாம் என்கிறேன். 2020-இல் நியூ சவுத் வேல்ஸின் பேரிங்டன் டாப்ஸில் 400 ஹெக்டேர் வேலிக்குள் 26 டெவில்களை விட்டார்கள், மறு ஆண்டே குட்டி பிறந்தது. அங்கே பறவைத்தீவு எதுவும் பலியாகவில்லை.

பெர்த்: அப்படியென்றால் வேலியைத் தாண்டி ஆஸ்திரேலியப் பெருநிலம் முழுக்க விட்டுவிடலாமே? நரியும் பூனையும் அடங்குமே?

டெவில் குறைந்த இடங்களில் காடேறிய பூனை துணிந்து திரிவது நாங்கள் கண்ட உண்மை. ஆனால் பெருநிலத்தில் டெவில் அற்றுப்போய் சுமார் மூவாயிரம் ஆண்டாகிறது. டிங்கோ என்ற காட்டுநாய் இன்னும் அங்கே இருக்கிறது. மரியா தீவைப் பற்றி இவ்வளவு நேரம் கோபப்பட்ட நீங்களே இதைக் கேட்பதுதான் வேடிக்கை.

சேலத்திலிருந்து: வீட்டில் வளர்க்கலாமா?

கூடாது.

பெங்களூரிலிருந்து: டாஸ்மேனியப் புலி இன்னும் உயிரோடிருக்கிறதாமே?

அது புலியல்ல, வரியுள்ள ஒரு பைவிலங்கு. கடைசியாகத் தெரிந்தது 1936-இல் ஹோபார்ட் உயிரியல் பூங்காவில் செத்தது. என் பொறியில் இதுவரை விழவில்லை.

துபாயிலிருந்து: இந்த வைரஸ் மனிதனுக்குத் தொற்றுமா?

முதல் பதில், முதல் வரி. தொற்றாது. டாஸ்மேனியா வந்தால் இருட்டியபின் மெதுவாக ஓட்டுங்கள். நாளை விடிகாலை பொறி பார்க்கப் போகவேண்டும், நான் கிளம்புகிறேன்.