நான்கடித் தொட்டியில் நன்னீர்த் திருக்கை வளர்க்கலாமா?

கேள்வி: என்னிடம் நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள மீன் தொட்டி இருக்கிறது. கடையில் உள்ளங்கை அளவிலான ‘டீ கப் திருக்கை’யைக் காட்டி, அது இதற்கு மேல் வளராது என்றார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ‘டீ கப் திருக்கை’ என்று தனி இனம் கிடையாது. தென் அமெரிக்க ஆறுகளில் வாழும் போட்டமோட்ரைகான் பேரினத்துத் திருக்கைகளின் குட்டிகளே அந்தப் பெயரில் விற்கப்படுகின்றன. அவற்றுள் மிகச் சிறியதாகக் கருதப்படும் குருரு திருக்கைகூட, வாலைச் சேர்க்காமலேயே, ஏறத்தாழ 30 செ.மீ. அகலத்துக்கு வளரக்கூடியது. பிரேசிலின் ரியோ நெக்ரோ ஆற்றுப்படுகையில், வெள்ளம் புகுந்து நிற்கும் காடுகளின் இலைச்சருகுகளுக்கு இடையே வாழும் இந்த இனத்துக்கு, அந்த ஆற்றில் ஆய்வுப் பயணம் செய்த இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸின் நினைவாக 2016இல்தான் அறிவியல் பெயர் சூட்டப்பட்டது.

தரையை ஒட்டியே நீந்தும் இந்த உயிருக்குத் தொட்டியின் உயரத்தைவிடத் தரைப்பரப்பே முக்கியம். 45 செ.மீ. அகலத்தில் அது இயல்பாகத் திரும்பவே முடியாது. ஆறடிக்கு மூன்றடி என்பதையே குறைந்தபட்ச அளவாக நான் சொல்வேன். அதைவிடப் பெரிய சிக்கல் தண்ணீர். கடல் திருக்கைகள் யூரியாவை உடலில் தேக்கிவைக்கும்; அந்தத் திறனை இழந்துவிட்ட இவை, கழிவைப் பெரும்பாலும் அமோனியாவாகவே வெளியேற்றுகின்றன. அந்த அமோனியாவே சிறிய தொட்டியில் இவற்றுக்கு நஞ்சாகிறது. தாமிரம் கலந்த மீன் மருந்துகளையும் இவை தாங்குவதில்லை. மணலில் புதைந்து கிடக்கும்போது கண்களுக்குப் பின்னால் உள்ள துளைகள் வழியாகவே நீரை உள்ளிழுப்பதால், கூர்மையான சரளையைத் தவிர்த்து நைசான மணலைப் பரப்ப வேண்டும். ஹீட்டரின் மேல் படுத்து வெந்துவிடாமல் இருக்க அதற்கு உறையும் தேவை.

பெரிய தொட்டி அமைத்த பிறகு வாங்குவதானால், முதலில் வால் தொடங்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே இடுப்புக் குருத்தெலும்பு இருபுறமும் மேடாகத் துருத்திக்கொண்டிருந்தால் அந்தக் குட்டி பட்டினியில் மெலிந்திருக்கிறது. உடலின் விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் அது பிழைப்பது அரிது. கடைக்காரரிடம் இனத்தின் பெயரையும் ஆவணங்களையும் கேளுங்கள். குருரு உள்ளிட்ட ஏழு இனங்கள், 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த மாநாட்டில், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

வால் முள்ளில் நஞ்சு உண்டு. குத்திவிட்டால், தோல் வெந்துபோகாத அளவுக்குச் சூடான நீரில், ஏறத்தாழ 45 டிகிரிக்கு மேல் போகாமல், அந்த இடத்தை அமிழ்த்தினால் வலி தணியும். முள்ளின் துண்டு உள்ளே தங்கியிருக்கக்கூடும் என்பதால், வலி குறைந்தாலும் மருத்துவமனைக்குச் செல்லத் தவறக்கூடாது.