பழைய வால்வு கிட்டார் ஆம்ப்: கேள்வி பதில்

வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் "எதை மாற்றினால் சத்தம் நன்றாக இருக்கும்?" என்ற ரகம். வால்வு (கண்ணாடிக் குழாய்) வைத்த பழைய கிட்டார் ஆம்புகளைப் பழுது பார்ப்பவன் என்ற முறையில் என் பதில் பெரும்பாலும் "முதலில் அதை ஒழுங்காக ஓட வையுங்கள்" என்றுதான் இருக்கும். கெபாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) காய்ந்து, பயாஸ் (வால்வு சும்மா இருக்கும்போது ஓடும் மின்சாரத்தின் அளவை நிர்ணயிக்கும் அமைப்பு) தப்பிப்போன ஆம்பைக் கேட்டுவிட்டு, இதன் குரலே இப்படித்தான் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது அந்த ஆம்புக்குச் செய்யும் அநியாயம்.

கேள்வி: அண்ணா, 1966 ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் ஒன்று கிடைத்திருக்கிறது. பல வருடம் யாரும் தொடாமல் கிடந்ததாம். பிளக்கைச் செருகி ஆன் பண்ணிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. உள்ளே இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் (டிசியைச் சீராக்குபவை) எலக்ட்ரோலிட்டிக் வகை. சும்மா கிடந்தாலே உள்ளே காய்ந்து, மின்சாரத்தைத் தடுத்து நிற்கும் மெல்லிய ஆக்ஸைடு படலம் பலவீனமாகிவிடும். அந்த நிலையில் திடீரென 400 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் மின்சாரம் கசியும், சூடாகும், வெடிக்கவும் செய்யும். போகும்போது பவர் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துக் கொண்டுபோகும். கெபாசிட்டர் புதிதாக வாங்கலாம், 1966-இன் டிரான்ஸ்ஃபார்மரை வாங்க முடியாது.

மெயின்ஸ் (சுவர் மின்சாரம்) லைனில் தொடராக ஒரு குண்டு பல்பைப் போட்டுக்கொள்ளுங்கள், 60 அல்லது 100 வாட். எல்லா வால்வுகளையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்கிவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலும் பிழைத்திருக்கிறது. முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள்.

வேரியாக் (வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்து மெல்ல மெல்ல வோல்ட்டேஜ் ஏற்றினால் பழைய கெபாசிட்டர் உயிர் பெறும் என்பார்கள். ஆனால் உங்கள் ஆம்பில் ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர், ஜிஇசட்34 என்ற வால்வு. அதன் ஹீட்டர் (உள்ளே சூடேற்றும் இழை) போதிய சூடு ஏறும்வரை அது மின்சாரத்தைக் கடத்தாது, கடத்தத் தொடங்கும்போது வோல்ட்டேஜ் ஏற்கெனவே மேலே போயிருக்கும். இருபது வருடத்தைத் தாண்டிய ஃபில்டர் கெபாசிட்டர்களை நான் சோதித்துக்கொண்டிருப்பதில்லை, மாற்றிவிடுவேன்.

கேள்வி: என் ஆம்புக்கு இரண்டு பின் பிளக். பாடிக்கொண்டே வாசிக்கும்போது மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கிறது. பழைய ஆம்ப் என்றால் இப்படித்தானா?

பதில்: இல்லை. சரி செய்யும்வரை அதைத் தொடாதீர்கள். அந்தக் காலத்து ஆம்புகள் பலவற்றில் பின்பக்கம் 'கிரவுண்ட்' சுவிட்ச் இருக்கும். அதன் வழியாக மெயின்ஸின் ஒரு முனையிலிருந்து சேஸிஸுக்கு (ஆம்பின் உலோகச் சட்டத்துக்கு) ஒரு கெபாசிட்டர் போகும், பெரும்பாலும் 0.047 மைக்ரோஃபாரட். அது ஷார்ட் ஆனால் சேஸிஸ் முழுக்க மெயின்ஸ். சேஸிஸிலிருந்து கேபிள் உறை வழியாக உங்கள் கிட்டார் கம்பி வரை அதே மின்சாரம்தான். அந்தக் கெபாசிட்டருக்கு 'டெத் கேப்' என்று சும்மா பெயர் வைக்கவில்லை.

எர்த் உள்ள மூன்று வயர் கேபிள் போடுங்கள். எர்த் வயரை சேஸிஸில் தனி போல்ட்டில் இறுக்குங்கள். மற்ற இரண்டையும்விட அதைக் கொஞ்சம் நீளமாக விடுங்கள், கேபிளை யாராவது இழுத்தாலும் அது கடைசியாகத்தான் பிய்ய வேண்டும். லைன் வயர் முதலில் ஃபியூஸுக்கு, பிறகு சுவிட்சுக்கு. அந்தக் கெபாசிட்டரை வெட்டி எடுத்துவிடுங்கள். இதனால் ஆம்பின் பழமை கெடும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: சால்டரிங் நன்றாக வரும். நானே திறந்து வேலை செய்யலாமா சார்?

பதில்: செய்யலாம், ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. மீட்டரை டிசி 600 அல்லது 1000 வோல்ட்டில் வையுங்கள். கறுப்புக் கிளிப் சேஸிஸில், சிவப்பு முனை முதல் ஃபில்டர் கெபாசிட்டரின் பிளஸ்ஸில். பிறகு 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை, இரு முனையிலும் உறையிட்ட கிளிப் பொருத்தி, அதே பிளஸ்ஸுக்கும் சேஸிஸுக்கும் நடுவே மாட்டுங்கள். மாட்டும்போது ஒரு கை வெளியே இருக்கட்டும். மீட்டரில் எண் மளமளவென்று இறங்குவதைப் பார்க்கலாம். பத்து வோல்ட்டுக்குக் கீழே போனதும் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். சில கெபாசிட்டர்களில் வோல்ட்டேஜ் தானாகக் கொஞ்சம் திரும்ப ஏறும், அப்போது இன்னொரு முறை இறக்குங்கள். ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம்.

கேள்வி: 'ம்ம்ம்' என்று இரைச்சல். எங்கே தேடுவது?

பதில்: இரைச்சலின் சுருதியைக் கேளுங்கள். மெயின்ஸ் அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்கு என்றால் (50 ஹெர்ட்ஸ் மெயின்ஸில் 100, 60-இல் 120) முதல் சந்தேகம் ஃபில்டர் கெபாசிட்டர். மெயின்ஸ் அதிர்வெண்ணிலேயே இருந்தால் ஹீட்டர் வயரிங், எர்த் பக்கம் தேடுங்கள். வால்யூமைக் குறைத்தாலும் போகாத சடசடப்பு என்றால் வால்வின் பிளேட்டில் (உள்தகட்டில்) இருக்கும் பழைய 100 கிலோஓம் கார்பன் ரெசிஸ்டர்களைப் பாருங்கள்.

கேள்வி: 6எல்6 பவர் வால்வு ஜோடியை மாற்றப்போகிறேன். பயாஸ் பார்த்தே ஆக வேண்டுமா?

பதில்: ஃபிக்ஸட் பயாஸ் (பவர் வால்வுக்குத் தனியாக மைனஸ் வோல்ட்டேஜ் கொடுக்கும் வகை) ஆம்ப் என்றால் பார்த்தே ஆக வேண்டும். 6எல்6ஜிசி ஒன்றின் பிளேட் தாங்குவது 30 வாட். அதில் 70 சதவீதம், அதாவது 21 வாட், வழக்கமான மேல் எல்லை. பிளேட் வோல்ட்டேஜ் 440 என்றால் 21-ஐ 440-ஆல் வகுங்கள்: சுமார் 48 மில்லிஆம்பியர். அது எல்லைதான், இலக்கு இல்லை. 35-இல் நன்றாக ஒலித்தால் அங்கேயே விட்டுவிடுங்கள், வால்வும் நீண்ட நாள் உழைக்கும். வால்வின் கேத்தோடு முனைக்கும் (எலக்ட்ரான் கிளம்பும் இடம்) கிரவுண்டுக்கும் நடுவே 1 ஓம் ரெசிஸ்டர் போட்டுவிட்டால் அளப்பது சுலபம்: ஒரு மில்லிவோல்ட் என்றால் ஒரு மில்லிஆம்பியர்.

ஃபெண்டரின் ட்வீட் டீலக்ஸ், வாக்ஸ் ஏசி30 போன்ற ஆம்புகள் கேத்தோடு பயாஸ், அதாவது கேத்தோடில் உள்ள ரெசிஸ்டரே பயாஸை அமைக்கும் வகை. அவற்றில் திருகுவதற்கு எதுவும் இல்லை, ஆனாலும் புது வால்வு போட்டதும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

கேள்வி: ட்வீட் டீலக்ஸில் 5ஒய்3 ரெக்டிஃபையருக்குப் பதில் ஜிஇசட்34 போட்டால் பவர் கூடுமாமே?

பதில்: கூடுவது வோல்ட்டேஜ். அதன் பவர் வால்வுகளான 6வி6-கள் ஏற்கெனவே கஷ்டப்பட்டு ஓடுகின்றன. 5யு4-உம் வேண்டாம். அதன் ஹீட்டர் 3 ஆம்பியர் கேட்கும், 5ஒய்3-க்கு 2 போதும்; பவர் டிரான்ஸ்ஃபார்மருக்குச் சுமை கூடும்.

கேள்வி: வீட்டில் வாசிக்கச் சத்தம் அதிகம். முதல் வால்வை மாற்றினால் குறையுமா?

பதில்: முதல் வால்வாக வரும் 12ஏஎக்ஸ்7-இன் பெருக்கம் 100, 12ஏடி7-க்கு 60, 12ஏஒய்7-க்கு ஏறக்குறைய 45. மாற்றினால் வால்யூம் குமிழை நிதானமாகத் திருப்ப முடியும், சத்தம் உடைவதும் தள்ளிப்போகும். ஆனால் முழுக்கத் திறந்தால் ஆம்பின் உச்ச சத்தம் ஏறக்குறைய அதேதான். உண்மையில் சத்தத்தைக் குறைப்பது ஸ்பீக்கர். 100 டெசிபல் உணர்திறன் உள்ளதை எடுத்துவிட்டு 94 உள்ளதைப் போட்டால் ஆம்பின் பவரைக் கால்வாசி ஆக்கியதற்குச் சமம். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே வைத்துப் பவரைக் குறைக்கும் அட்டென்யுவேட்டரும் உதவும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு மட்டும் ஓட்டாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

கேள்வி: சரி, மாற்றலாம் என்றால் எதை மாற்றலாம்?

பதில்: திரும்ப எடுத்துவிடக்கூடிய எதையும். ஓட்டை போடுவது, ஒரிஜினல் டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிப்போடுவது இரண்டும் கூடாது. கழற்றிய ஒவ்வொரு துண்டையும் ஒரு பையில் போட்டு ஆம்புடனே வையுங்கள்.

எனக்குப் பிடித்தது கேத்தோடு ரெசிஸ்டருக்கு இணையாக இருக்கும் கேத்தோடு பைபாஸ் கெபாசிட்டரை மாற்றுவது. முதல் கட்டத்தில் பல ஆம்புகளில் 25 மைக்ரோஃபாரட் இருக்கும், அடிக்குரல் முழுவதும் பெருகும். அதை எடுத்துவிட்டு 0.68 போட்டால் தடித்த கம்பிகளின் குழைவு குறைந்து, நடுக்குரல் முன்னே வரும். செலவு அற்பம், பிடிக்காவிட்டால் ஐந்து நிமிடத்தில் பழையதை வைத்துவிடலாம்.

மார்ஷலின் முதல் ஆம்பான ஜேடிஎம்45 பிறந்ததே இப்படித்தான். ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்பின் 5எஃப்6-ஏ என்ற மாடலின் சர்க்யூட்டை ஏறக்குறைய அப்படியே எடுத்தார்கள். முதல் வால்வு 12ஏஒய்7-க்குப் பதில் 12ஏஎக்ஸ்7, டிரான்ஸ்ஃபார்மர் வேறு, திறந்த பெட்டியில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கருக்குப் பதில் மூடிய பெட்டியில் நான்கு 12 அங்குலம். குரலே வேறாகிவிட்டது. ஆகவே சர்க்யூட்டில் கை வைப்பதற்கு முன் வேறு ஸ்பீக்கரில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: அவசரம். ஒரு பவர் வால்வின் உள்தகடு சிவப்பாக ஜொலிக்கிறது!

பதில்: அணைத்துவிடுங்கள், ஸ்டாண்ட்பை (உயர் வோல்ட்டேஜை மட்டும் நிறுத்தும் சுவிட்ச்) போதாது, மெயின்ஸையே. ஃபிக்ஸட் பயாஸ் ஆம்ப் என்றால், பவர் வால்வுகளைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கர் மாட்டியபடியே ஆன் செய்து, 6எல்6 அல்லது 6வி6 சாக்கெட்டின் 5-ஆம் பின்னில் அளக்கவும். இரண்டு சாக்கெட்டிலும் ஒரே அளவு மைனஸ் வோல்ட்டேஜ் வர வேண்டும். ஒன்றில் மட்டும் மைனஸ் குறைந்திருந்தால் அந்தப் பக்கத்துக் கப்ளிங் கெபாசிட்டர் (சிக்னலை விட்டு டிசியைத் தடுப்பது) கசிகிறது. இரண்டிலும் வரவே இல்லையென்றால் பயாஸ் சப்ளையின் டையோடையும் கெபாசிட்டரையும் பாருங்கள். இரண்டிலும் சரியாக இருந்தால் வால்வுதான் போயிருக்கிறது, ஜோடியாகவே மாற்றிவிடுங்கள்.