லோம்போக்கிலிருந்து கொமோடோவுக்கு நாலு நாள் படகு: ஏறலாமா, வேண்டாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “பொங்கல் விடுமுறையோடு இன்னும் இரண்டு வாரம் லீவு சேர்த்து, நாங்கள் தோழிகள் நாலு பேர் முதுகுப்பையோடு இந்தோனேசியா போகிறோம். லோம்போக் தீவிலிருந்து கொமோடோ வழியாக, ஃப்ளோரெஸ் தீவின் துறைமுக ஊரான லாபுவான் பாஜோ வரை நாலு பகல், மூன்று இரவு படகுப் பயணம் ஒன்றைப் பார்த்தோம். முன்பின் தெரியாத பத்துப் பதினைந்து பேரோடு, மேல்தளத்தில் மெத்தை விரித்துப் படுக்க வேண்டுமாம், சாப்பாடு அவர்களே தருவார்களாம். போய்வந்தவர்களில் ஒருத்தர் வாழ்க்கையிலேயே இதுதான் சிறந்த பயணம் என்கிறார், இன்னொருத்தர் நரகம் என்கிறார். எங்களில் ஒருத்திக்கு நீச்சல் தெரியாது, ஒருத்தி முட்டைகூடச் சாப்பிடாத சைவம். போகலாமா?”

போகலாம், ஆனால் ஜனவரியில் வேண்டாம்.

இதைச் சொன்னதும் பலரும் ஆச்சரியப்படுவார்கள், ஏனென்றால் நமக்குத் தை மாதம் என்றால் மழை ஓய்ந்து வானம் தெளிந்த காலம். ராட்சத உடும்புகள் வாழும் கொமோடோ தீவு இருப்பது பூமத்திய ரேகைக்குத் தெற்கே எட்டு டிகிரி தாண்டி. அங்கே டிசம்பர் முதல் மார்ச் வரை மேற்கிலிருந்து பருவக்காற்று அடிக்கும் மழைக்காலம், அதிலும் ஜனவரி, பிப்ரவரிதான் மோசம். அலை உயர்ந்தால் துறைமுக அதிகாரி படகுகளுக்குப் புறப்பட அனுமதி தர மாட்டார், அது ஒரு நாளாகவும் இருக்கலாம், ஒரு வாரமாகவும் இருக்கலாம். லீவை எண்ணி எண்ணிப் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு இது ஒத்துவராது. அதைவிடப் பெரிய கவலை, அனுமதி கிடைத்த நாளிலும் கடல் உங்களுக்குப் பிடித்த மாதிரி இருக்கப்போவதில்லை.

பாதையைக் கொஞ்சம் பாருங்கள். லோம்போக்கின் கிழக்குக் கரையில் படகு ஏறி, சும்பாவா என்ற நீண்ட தீவின் வடகரையை ஒட்டியே கிழக்கே போகிறீர்கள். முதல் இரண்டு நாள் இனிமையானது: மோயோ தீவில் இறங்கிக் காட்டுக்குள் நடந்து அருவியில் குளியல், அப்புறம் சாட்டோண்டா தீவில் எரிமலைப் பள்ளத்துக்குள் ஓர் உப்புநீர் ஏரி. அங்கிருந்து பார்த்தால் தெரிகிற பெரிய மலைதான் தம்போரா, 1815இல் வெடித்து, அதன் சாம்பல் அடுத்த வருஷம் ஐரோப்பாவுக்குக் கோடையே இல்லாமல் செய்த அதே எரிமலை. (படகில் கூட வருகிறவர்களில் பாதிப் பேர் இதைக் கவனிக்காமல் போன் சார்ஜ் போட பிளக் தேடிக்கொண்டிருப்பார்கள்.) அதன்பிறகுதான் விஷயம் இருக்கிறது. சாட்டோண்டாவிலிருந்து கொமோடோ தேசியப் பூங்கா எல்லை வரை நிற்காமல் ஒரு நீண்ட ஓட்டம், ராத்திரி முழுக்க திறந்த கடலில். நல்ல பருவத்திலேயே அந்த இரவு படகு ஆடும். நரகம் என்று எழுதியவர் அந்த இரவைப் பற்றி எழுதியிருப்பார், சிறந்த பயணம் என்று எழுதியவர் அடுத்த நாள் காலையைப் பற்றி எழுதியிருப்பார், இருவரும் ஒரே படகில் போயிருந்தாலும் எனக்கு ஆச்சரியமில்லை.

2014 ஆகஸ்டில், அதாவது நல்ல பருவத்திலேயே, லோம்போக்கிலிருந்து கொமோடோவுக்குப் போன ஒரு சுற்றுலாப் படகு சும்பாவாவுக்கு வடக்கே சாங்கியாங் தீவுப் பக்கம் மூழ்கியது. பெரும்பாலானவர்கள் பல மணி நேரம் கடலில் கிடந்து உயிர் தப்பினார்கள், எல்லோரும் தப்பவில்லை. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இந்தப் பயணத்தின் களேபரத்தில் இரண்டு வகை இருக்கிறது, சிரித்துவிட்டுப் போக வேண்டியது ஒன்று, ஏறாமலேயே திரும்ப வேண்டியது ஒன்று. பலரும் முதலாவதைப் பற்றிக் கேட்டுக் கேட்டுக் கவலைப்படுகிறார்கள், இரண்டாவதைப் பார்ப்பதே இல்லை.

சிரிக்க வேண்டியவை: காலை எட்டுக்கு வருகிற வண்டி பத்தரைக்கு வரும். மூன்று ஏஜென்ட்கள் மூன்று விலைக்கு விற்ற டிக்கெட்டுகள் எல்லாம் ஒரே படகில் வந்து சேரும், அதிகம் கொடுத்தவர் யார் என்று முதல் சாப்பாட்டு வேளையிலேயே தெரிந்துவிடும். டாய்லெட் ஒன்றோ இரண்டோதான், வாளியில் கடல்நீரை மொண்டு ஊற்ற வேண்டும், நல்ல தண்ணீரில் குளியல் என்பது பேச்சுக்கு. மேல்தளத்தில் மெத்தைகள் ஒட்டி ஒட்டிக் கிடக்கும், புரண்டு படுத்தால் பக்கத்தில் யாரோ ஒரு டச்சுக்காரரின் முழங்கை இடிக்கும். அட்டவணையில் போட்ட தீவு ஒன்று விடுபடும், போடாத தீவு ஒன்றில் நிறுத்துவார்கள். இதற்கெல்லாம் சண்டை போட்டுப் பயனில்லை, நாலு பேராகப் போகிறீர்கள் என்பதால் ஒரு மூலையை முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள், அது போதும். பின்பக்க மூலை வேண்டாம், எஞ்சின் சத்தமும் டீசல் புகையும் அங்கேதான்.

திரும்ப வேண்டியவை: லைஃப் ஜாக்கெட் எத்தனை இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று ஏறியவுடன் நீங்களே போய்ப் பாருங்கள். ‘இருக்கிறது’ என்ற பதில் போதாது, பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தால் இல்லாத மாதிரிதான். அந்த ஊர் மொழியில் பெலாம்புங் என்று கேட்டால் யாரும் எடுத்துக் காட்டுவார்கள். ஆளுக்கு ஒன்றாவது வேண்டும், பட்டையும் கொக்கியும் சரியாக இருக்க வேண்டும், படகோட்டிகளுக்கும் சேர்த்து எண்ணுங்கள். ரேடியோ வேலை செய்கிறதா, கரைக்குப் போக ஒரு சின்னப் படகு கூட வருகிறதா, தீயணைப்பான் உண்டா என்று பாருங்கள். ஆள் எண்ணிக்கை சொன்னதைவிடக் கூடுதலாக இருந்தாலோ, எல்லாப் படகும் நிற்கிற நாளில் உங்கள் படகு மட்டும் கிளம்பினாலோ, பணம் போனால் போகட்டும் என்று இறங்கிவிடுங்கள். துறைமுகத்தில் இறங்குவது சுலபம், நடுக்கடலில் அந்த வாய்ப்பு கிடையாது. நாலு பேரில் ஒருத்தி வேண்டாம் என்றால் நாலு பேரும் இறங்குவது என்று கோவையிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள், அங்கே போய்ப் பேசினால் ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே’ என்று மனசு இழுக்கும்.

நீச்சல் தெரியாத தோழிக்கு வருவோம். அவர் வரக்கூடாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் இந்தக் கடல் குளம் மாதிரி இருக்கும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பசிபிக் பெருங்கடலின் நீர் இந்தியப் பெருங்கடலுக்கு வழிவது இந்தத் தீவுகளுக்கு நடுவே உள்ள இடுக்குகள் வழியாகத்தான், கூடவே கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கமும் சேர்ந்துகொள்ளும், அதனால் கொமோடோவைச் சுற்றி நீரோட்டம் பயங்கர வேகம். மேலே கண்ணாடி மாதிரித் தெரியும், இறங்கினால் இழுத்துக்கொண்டு போகும். மாண்டா திருக்கைகளைப் பார்க்க நிறுத்தும் இடத்தில் நல்ல நீச்சல்காரர்களையே நீரோட்டம்தான் தள்ளிக்கொண்டு போகும், படகு பின்னாலேயே வந்து பொறுக்கிக்கொள்ளும். அங்கே அவர் படகிலேயே இருக்கட்டும், மாண்டா நீர்மட்டத்துக்கு அருகே வருகிற நாளில் மேலிருந்தே பெரிய கறுப்பு நிழலாகத் தெரியும். இளஞ்சிவப்பு மணல் கடற்கரையில் மட்டும், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, வழிகாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கரையோரமாகவே முகத்தைத் தண்ணீரில் வைத்துப் பார்க்கலாம், பவளம் அங்கேயே ஆரம்பித்துவிடும். ‘எனக்கு நீச்சல் தெரியாது’ என்பதை முதல் நாளே வழிகாட்டியிடம் சொல்லச் சொல்லுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சைவம் கொஞ்சம் சிக்கல், பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சோறு மூன்று வேளையும் உண்டு, டெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), டோஃபு, வதக்கிய காய், வறுத்த நூடுல்ஸ் எல்லாம் வரும். சிக்கல் என்னவென்றால், அங்கே இறைச்சித் துண்டு கண்ணில் படவில்லை என்றால் அது சைவம்தான் என்று சமையல்காரர் நினைப்பார். சம்பால் என்ற மிளகாய்த் துவையலில் தெராசி என்ற இறால் விழுது இருக்கும், காய் வதக்குவதிலும் சில சமயம் சேரும். இறைச்சி, மீன், முட்டை, தெராசி என்று நாலையும் தனித்தனியாகப் பெயர் சொல்லி வேண்டாம் என்று சொல்லவேண்டும், டிக்கெட் விற்ற ஏஜென்டிடம் சொல்லி விட்டுவிடாமல் ஏறியவுடன் சமையல்காரரைப் பார்த்தே சொல்லுங்கள், ஏஜென்ட் சொன்னது படகுவரை வந்து சேராது. கூடவே பருப்புப்பொடி, ஊறுகாய், வறுகடலை கொண்டுபோங்கள். பருப்புப்பொடியைப் பார்த்ததும் மற்றவர்களும் தட்டை நீட்டுவார்கள், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாந்திக்கு மாத்திரை ஆடத் தொடங்கிய பிறகு போட்டால் பலன் குறைவு, முன்கூட்டியே போட வேண்டும். அவோமின் மாதிரி நம் ஊர்க் கடையில் கிடைப்பதே போதும், தூக்கம் வரும், வேறு மருந்து எடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தலைசுற்றினால் அறைக்குள் போய்ப் படுப்பதுதான் எல்லோரும் செய்வது, அது தவறு. படகின் நடுப்பகுதிக்கு வந்து காற்றில் உட்கார்ந்து, தூரத்தில் கடலும் வானமும் சேருகிற கோட்டைப் பாருங்கள். கேபினுக்குக் கூடுதல் பணம் கொடுக்க யோசிக்கிறீர்கள் என்றால், அந்தப் பணத்துக்குக் கதவு கிடைக்கும், பெண்கள் மட்டும் போகும்போது அது முக்கியம்தான், காற்று கிடைக்காது.

ராத்திரி யாராவது ஒருத்தர் உள்ளூர் அராக் பாட்டில் ஒன்றைத் திறப்பார். தொடாதீர்கள். பாலியிலும் லோம்போக்கிலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் சுற்றுலாப் பயணிகள் இறந்திருக்கிறார்கள், கண் போயிருக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்குக் கள்ளச்சாராயம் பற்றித் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கொமோடோ உடும்பைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, அதுதான் இந்தப் பயணத்திலேயே ஒழுங்காக நடக்கிற பகுதி. மூன்று மீட்டர் வரை வளரும் அந்த விலங்கை, கவைக்கம்பு பிடித்த ரேஞ்சர் கூட வர, கூட்டமாக நடந்துபோய்ப் பார்ப்பீர்கள். கூட்டத்தை விட்டுத் தனியாக ஒதுங்காதீர்கள், மாதவிடாய் நாள் என்றால் ரேஞ்சரிடம் சொல்லிவிடுங்கள், ரத்த வாடையை அது தூரத்திலிருந்தே பிடிக்கும். பூங்காவின் நுழைவுக் கட்டணம் அடிக்கடி மாறுகிறது, டிக்கெட் விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள், நடுவழியில் கேட்டு வாங்குவது அடிக்கடி நடப்பது.

சரி, எப்போது போவது? ஏப்ரல் முதல் ஜூன் வரை, அல்லது செப்டம்பர், அக்டோபர். ஏப்ரலில் பூங்காவுக்குள் இருக்கும் பாடார் தீவின் மலைகள் இன்னும் பச்சையாக இருக்கும், ஆகஸ்டில் காய்ந்து பழுப்பாகிவிடும், அப்போது தென்கிழக்குக் காற்றும் கூட்டமும் அதிகம். அப்போதும்கூட உங்கள் நாலு பேருக்கு நான் சொல்வது லோம்போக்கிலிருந்து கிளம்புகிற நீண்ட பயணத்தை அல்ல. பாலியிலிருந்து லாபுவான் பாஜோவுக்கு விமானத்தில் போய், அங்கிருந்து மூன்று பகல், இரண்டு இரவு சுற்றிவிட்டு அங்கேயே திரும்புகிற படகைப் பிடியுங்கள். பாடார், கொமோடோ, மாண்டா, மாலையில் காலோங் தீவின் அலையாத்திக் காட்டிலிருந்து பழந்தின்னி வவ்வால்கள் ஆயிரக்கணக்கில் கிளம்புவது, எல்லாம் இதிலும் உண்டு. மோயோ அருவியும் சாட்டோண்டாவும் போகும், அந்த ராத்திரி ஓட்டமும் போகும். இரவில் படகு ஏதாவது ஒரு வளைகுடாவில் நங்கூரம் போட்டு நிற்கும். பத்துப் பதினைந்து அந்நியர்களும் அதே டாய்லெட் வரிசையும் இங்கேயும் கிடைக்கும், அதில் குறை வராது.

லீவை மாற்றவே முடியாது, ஜனவரிதான் என்றால் நாட்டை மாற்றுங்கள். தாய்லாந்தின் அந்தமான் கடல் பக்கம், கிராபி, லிப்பே தீவு எல்லாம், அப்போது அமைதியான பருவம். இதே மாதிரிக் கலகலப்பான கூட்டுப் பயணம்தான் வேண்டும் என்றால் பிலிப்பைன்ஸில் எல் நிடோவிலிருந்து கொரோன் வரை தீவு தீவாகப் போகும் படகுகள் இருக்கின்றன, ராத்திரி கடலில் ஓடாமல் தீவிலேயே குடிசையில் படுக்கவைப்பார்கள். ஜனவரியில் அங்கே மழை குறைவு, ஆனால் வடகிழக்குக் காற்று பலமாக அடிக்கிற நாட்களில் கடலோரக் காவல்படை படகுகளை நிறுத்திவிடும்.

எந்த நாடானாலும் படகு கரை சேர வேண்டிய அதே நாளில் திரும்பும் விமானத்தைப் போடாதீர்கள், நடுவில் இரண்டு நாளாவது விடுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது படகில் தங்கும் பயணத்துக்கும் ஸ்நார்க்கலிங்குக்கும் அது செல்லுமா என்று கேட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட்டையும் பணத்தையும் தண்ணீர் புகாத சின்னப் பையில் போட்டு, தூங்கும்போதும் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள்.