பார்த்த படத்தை எழுதிப் பாருங்கள் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

கடலூர் முதுநகரில் இருக்கிறேன். சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. திரைக்கதை எழுத வேண்டும் என்று பள்ளி நாளிலிருந்தே ஆசை. சுஜாதாவின் 'திரைக்கதை எழுதுவது எப்படி?' படித்தேன். சிட் ஃபீல்டின் புத்தகத்தையும் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் முடித்தேன். எந்தப் பக்கத்தில் எந்தத் திருப்பம் என்று சார்ட் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கதை எங்கள் ஊர்க் கதைதான். மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானம் நின்றுபோன ஒரு விசைப்படகுத் தொழிலாளியின் குடும்பம். இருபது பக்கத்துக்கு மேல் நகரவே இல்லை. ஒரு காட்சியை இணைத்திருக்கிறேன். சென்னைக்குப் போய் உதவி இயக்குநராகச் சேராமல் இதைக் கற்க முடியுமா?

மு., கடலூர்

அன்புள்ள மு.,

எழுதுவதை வீட்டிலிருந்தே கற்கலாம். அந்த சார்ட்டை மட்டும் கொஞ்ச நாளைக்குக் கழற்றி வையுங்கள்.

சிட் ஃபீல்ட், ஹாலிவுட்டில் ஒரு நிறுவனத்துக்கு வரும் திரைக்கதைகளைப் படித்து, தேறுமா தேறாதா என்று சொல்லும் வேலையில் இருந்தவர். ஆயிரக்கணக்கில் படித்த பிறகுதான் 1979இல் அந்தப் புத்தகத்தை எழுதினார். நீங்கள் அவர் கண்டுபிடித்த விடையை வாங்கி வைத்திருக்கிறீர்கள், கணக்கை இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. அப்புறம், திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் என்பது ஆங்கிலத்தில் அதற்கென்று உள்ள எழுத்துருவிலும் இடைவெளியிலும் டைப் செய்தால்தான் ஏறக்குறைய சரியாக வரும். நோட்டில், இடப்பக்கம் செயல் வலப்பக்கம் வசனம் என்று நம் வழக்கப்படி கையால் எழுதினால் அந்தக் கணக்கு நிற்காது. இருபது பக்கக் கவலையை விடுங்கள்.

தமிழில் அச்சான திரைக்கதைகள் குறைவு. அதனால் படத்தைப் பார்த்து நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். உங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம். புதுமைப்பித்தன் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். அவர் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, 'சிற்றன்னை' இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். முதலில் அதைப் படியுங்கள். பிறகு அதைத் தழுவி மகேந்திரன் எடுத்த 'உதிரிப்பூக்கள்' பாருங்கள். அதுவும் 1979தான். கதையின் பெயரே 'சிற்றன்னை'. படத்திலோ சிற்றன்னை வெகுநேரம் கழித்துத்தான் வருகிறாள். அதுவரை பெற்ற தாய் உயிரோடு இருக்கிறாள், அந்தப் பிள்ளைகள் எதை இழக்கப் போகிறார்கள் என்று நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். ஊரார் அந்தப் பிள்ளைகளின் தகப்பனை ஆற்றுக்குக் கூட்டிப்போகும் கடைசிக் காட்சி நம்மை அப்படி உலுக்குவதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். திரைக்கதை ஆசிரியர் வேலை என்னவென்று எனக்குப் புரியவைத்தது இந்தப் படம்தான். வேறு எதையும் இவ்வளவு உறுதியாகச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

படத்தில் பத்து நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். அடுத்த முறை நிறுத்தி நிறுத்தி, காட்சி எண், உள்ளா வெளியா, இடம், பகலா இரவா என்று போட்டு, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் மட்டும் எழுதுங்கள். "சோகமாக", "மனதுக்குள்" எல்லாம் கூடாது. கை வலிக்கும், சலிப்பு வரும். ஆனால் காட்சி எந்த இடத்தில் நுழைகிறது, எவ்வளவு சீக்கிரம் வெளியேறுகிறது, வசனம் எவ்வளவு கம்மி என்பதெல்லாம் எழுதும்போதுதான் பிடிபடும். உங்களுக்குப் பிடித்த மசாலாப் படத்திலும் இதையே செய்யுங்கள். அதிலும் கற்க நிறைய இருக்கிறது.

இப்போது நீங்கள் அனுப்பிய காட்சி. "குமார் கவலையோடு கடலைப் பார்க்கிறான். மனதில் பழைய நினைவுகள். நகையை அடகு வைத்ததை எண்ணி வருந்துகிறான்." இதில் படம் பிடிக்கக் கிடைப்பது, ஒருவன் கடலைப் பார்ப்பது மட்டும்தான். இப்படி மாற்றிப் பாருங்கள். இரவு, வீடு. அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். மனைவி தோசையை வைக்கக் குனிகிறாள். காதில் தோடு இல்லை, துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குச்சி செருகியிருக்கிறாள். அவன் அதைப் பார்க்கிறான். அவள் அடுத்த தோசையைக் கொண்டுவரும்போது, போதும் என்று கையால் தட்டை மறைக்கிறான். உங்கள் மூன்று வரியும் இதற்குள் வந்துவிட்டது. முதுநகரில் இருக்கும் உங்களுக்கு இதைவிட நல்ல விவரங்கள் தெரிந்திருக்கும்.

திட்டமிடுவது இதற்குப் பிறகு. பழைய தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில், தாளுக்கு ஒரு காட்சி என்று இரண்டு வரியில் எழுதித் தரையில் பரப்புங்கள். ஒரு தாளை எடுத்துவிட்டுக் கதையைச் சொல்லிப் பாருங்கள். எங்கும் தடுக்கவில்லை என்றால் அந்தக் காட்சி வேண்டாம். உங்கள் கதைக்குக் காலக்கெடு தானாகவே அமைந்திருக்கிறது. தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அதற்குள் குமாருக்கு என்ன கிடைத்தாக வேண்டும், அதைக் கொடுக்க மறுப்பது யார்? உங்கள் இருபது பக்கத்தில் இந்த இரண்டுக்கும் பதில் இல்லை. கதை நகராததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். கடன் கொடுத்தவனா, படகு முதலாளியா, சொந்த அண்ணனா என்று முடிவு செய்யுங்கள். அண்ணன் என்றால் கதை இன்னும் கனமாகும்.

சென்னை பற்றி: படப்பிடிப்பு எப்படி நடக்கிறது என்பதை ஆட்களோடு நின்றுதான் கற்க முடியும், அதற்கு ஒருநாள் போக வேண்டியிருக்கும். இந்தத் திரைக்கதையை முடித்து, திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்துவிட்டுப் போங்கள். அதற்கு முன்னால், எழுதிப் பார்த்த அந்தப் பத்து நிமிடத்தை எனக்கு அனுப்புங்கள். போட்டோ எடுத்து அனுப்பினாலும் போதும், படித்துப் பதில் எழுதுகிறேன்.