கைப்பேசி இருக்கும்போது மின்னூல் படிக்கத் தனியாக ஒரு கருவி வாங்க வேண்டுமா?

அமேசானின் கிண்டில் போன்ற ஒரு கருவிக்காகப் பல ஆயிரம் ரூபாய் செலவழிப்பது தகுமா, கைப்பேசியோ டேப்லெட்டோ அச்சுப் புத்தகமோ போதாதா என்பது கேள்வி. ஆறு ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றை வைத்திருப்பவன் என்ற முறையில் என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எவ்வளவு படிக்கிறீர்கள் என்பதைக் காட்டிலும், நீங்கள் படிக்கும் நூல்கள் எங்கிருந்து, எந்த வடிவத்தில் உங்களுக்குக் கிடைக்கின்றன என்பதுதான் இதைத் தீர்மானிக்கிறது. ஆங்கில நூல்களை மட்டும் படிப்பவருக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை. தமிழில் படிப்பவருக்கு முதல் கவலையே இதுதான்.

நான் இராமேசுவரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் குடியிருந்து, இராமநாதபுரத்தில் வேலை பார்க்கிறேன். கடல்மேல் உள்ள சாலைப் பாலத்தைக் கடந்து பேருந்தில் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்பும்போது பெரும்பாலும் இருட்டிவிடும். 2019-இல் 12,999 ரூபாய் கொடுத்து ஆறு அங்குலத் திரை கொண்ட கிண்டில் பேப்பர்ஒயிட் வாங்கியதற்கு இந்தப் பயணமே காரணம். அதன் எடை 182 கிராம். பேருந்தில் ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஐந்நூறு பக்க நாவலை விரித்துப் பிடிக்க முயன்றவருக்கு இந்த எண்ணின் அருமை தெரியும். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்று, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்படும் வரை ரயில் பயணிகளும் பேருந்துக்கே வந்துவிட்டதால், அந்த இரண்டே கால் ஆண்டுகளில் நான் நின்றுகொண்டு படித்த நூல்களே அதிகம்.

கைப்பேசியும் ஏறத்தாழ அதே எடைதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் கைப்பேசியில் பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் பூங்கொத்துப் படம் போட்டுவிடுகிறார்; அதைத் தள்ளிவிடப் போனவன் அரை மணி நேரம் கழித்துத்தான் நாவலுக்குத் திரும்புவேன். வாசிப்புக் கருவியிலும் இணையம் உண்டு என்றாலும், அதில் எதையாவது தேடிப் பார்ப்பது மாட்டுவண்டியில் மதுரைக்குப் போவதைப் போன்றது. அந்த மந்தம்தான் எனக்கு அது செய்த பெரிய உபகாரம். உங்களுக்கு மனக்கட்டுப்பாடு இருந்தால் இந்த நன்மைக்கு நீங்கள் பணம் கொடுக்கத் தேவையில்லை.

திரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மின்தாள் எனப்படும் இத்திரையில், தலைமயிரின் தடிமன் அளவே உள்ள நுண்ணுறைகளுக்குள், எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட வெள்ளைத் துகள்களும் கருப்புத் துகள்களும் மிதக்கின்றன. மின்புலம் மாறும்போது ஒரு வகை மேலே வர, மற்றது கீழே போகிறது. மேலே வந்த துகள் மின்சாரம் நின்ற பிறகும் அங்கேயே நிற்பதால், விளக்கை அணைத்துப் படித்தால் பக்கத்தைத் திருப்பும் நொடியில் மட்டுமே திரைக்கு மின்சாரம் தேவைப்படுகிறது. சார்ஜ் முற்றிலும் தீர்ந்த கருவியிலும் கடைசியாகத் தோன்றிய படம் அப்படியே நிற்பதைக் காணலாம். இத்திரை தானாக ஒளிர்வதில்லை. தாளைப் போல, தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. நடுப்பகலில் பாம்பன் நிறுத்தத்தில், கடலும் வானமும் சேர்ந்து கண்ணைக் கூசவைக்கும் வெயிலில், கைப்பேசியின் ஒளியை முழுக்கக் கூட்டினாலும் என் முகம்தான் அதில் தெரிகிறது, கைப்பேசியும் சூடேறிவிடுகிறது. வாசிப்புக் கருவியில் எழுத்துகள் வெயில் ஏற ஏறத் தெளிவாகின்றன. இருட்டில் படிப்பதற்கு அதன் ஓரத்தில் சிறு விளக்குகள் உண்டு. அவை கண்ணை நோக்கி அடிக்காமல் திரையின் பரப்பின்மேல் ஒளியைப் பரப்புகின்றன.

இதனால் கண்ணுக்குக் கேடே இல்லை என்று விளம்பரம் போல நான் சொல்லமாட்டேன். எந்தத் திரையையும் இமைக்காமல் நெடுநேரம் உற்றுப் பார்த்தால் கண் வறளத்தான் செய்யும். ஆனால் வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதி பெரும் உதவி. என் தந்தையார் ஓய்வுபெற்ற ஆசிரியர். மூன்றாண்டுகளாக அச்சுப் புத்தகத்தைத் தொடாமலே இருந்தார். கருவியில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தபோது கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “என்னப்பா இது, வரிக்கு மூணு சொல்லு நிக்குது, செய்யுள் மாதிரி?” என்று கேட்டார். அவர் கேட்டது வேடிக்கையாக இருந்தாலும் குறை உண்மையானது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. “வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்” போன்ற ஒரு சொல் பெரிய எழுத்தில் ஒரு முழு வரியையும் பிடித்துக்கொள்ளும். அதற்கு முந்தைய வரியில் இரண்டு சொற்களுக்கிடையே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். வலது ஓரத்தைச் சமன்செய்யும் அமைப்பை நிறுத்திவிட்டால் இந்த ஓட்டைகள் மறைகின்றன. இப்போது அவர் அதில்தான் படிக்கிறார். நான்தான் அதை அவரிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

இனி, முதலில் சொன்ன நூல் வடிவத்துக்கு வருகிறேன். அமேசான் தளம் 2016 இறுதியில் தமிழ் மின்னூல்களை விற்கத் தொடங்கிய பிறகு, சமகால நாவல்களும் சிறுகதைத் தொகுப்புகளும் ஓரளவு கிடைக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் சென்ற நூற்றாண்டின் உரைநடை வரை தட்டச்சு செய்த வடிவில் இலவசமாக இருக்கின்றன. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில், எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள இடம்தரும் இபப் (EPUB) கோப்போடு, ஆறு அங்குலத் திரைக்கென்றே பக்கம் அமைத்த பிடிஎஃப் கோப்பையும் தருகிறார்கள். தமிழ் எழுத்துகளைச் சிதைத்துக் காட்டிய பழைய கருவிகளின் காலத்தில் அதுவே கைகொடுத்தது. உங்கள் வாசிப்பு இவற்றுக்குள் அடங்குமானால் வாங்கலாம்.

ஆனால் தமிழில் அரிதானவை பெரும்பாலும் வருடிய (ஸ்கேன் செய்த) பக்கங்களாகவே கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கும் பழைய பதிப்புகள், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வைத்திருக்கும் ‘நூலகம்’ என்ற இணையதளத்தின் கோப்புகள் ஆகியவற்றில் பெரும்பாலானவை ஒவ்வொரு பக்கத்தின் ஒளிப்படங்களே தவிர, எழுத்துகள் அல்ல. (எங்கள் ஊரிலிருந்து யாழ்ப்பாணம் சென்னையைவிட மிக அருகில் இருக்கிறது, அங்கே அச்சான புத்தகம் மட்டும் இணையத்தின் வழியாகத்தான் என் கைக்கு வருகிறது.) ஒளிப்படத்தில் எழுத்தைத் தனியாகப் பெரிதாக்க முடியாது. டெம்மி அளவுப் புத்தகத்தின் பக்கம் சுமார் 14 சென்டிமீட்டர் அகலமும் 21 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. ஆறு அங்குலத் திரையோ 9 சென்டிமீட்டருக்கு 12. முழுப் பக்கத்தையும் அதற்குள் அடக்கினால் எழுத்து ஏறக்குறைய பாதியாகச் சுருங்கிவிடும். அப்போது முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. பிறகு ணகரத்தின் சுழிகள் ஒட்டிக்கொண்டு னகரமாகத் தெரியும். உரைநடையில் ஊகித்துப் படித்துவிடலாம். செய்யுளில் புள்ளி போனால் பொருளே போய்விடும். பெரிதாக்கி இடமும் வலமுமாக நகர்த்தலாம் என்றால், ஒவ்வொரு நகர்வுக்கும் திரை ஒரு முறை கருத்து வெளுக்கும், அல்லது முந்தைய பக்கத்தின் நிழலை மெலிதாக விட்டுச் செல்லும். ஓரங்களை வெட்டித் தரும் மென்பொருள்களைக் கொண்டு ஓரளவு தப்பிக்கலாம். இரண்டு புத்தகங்களுக்குச் செய்தேன், மூன்றாவதற்குப் பொறுமை இல்லை. இவ்வகை நூல்களுக்குப் பத்து அங்குல டேப்லெட்டே சரி. போட்டித் தேர்வு நூல்கள், படங்களும் அட்டவணைகளும் நிறைந்த பாடநூல்கள், வண்ண இதழ்கள் ஆகியவற்றுக்கும் இதுவே விடை. மாணவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் வாசிப்புக் கருவி வாங்கித் தரும்படி வீட்டில் கேட்க வேண்டாம்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கென்று சில செய்திகள் உண்டு. அச்சுப் புத்தகத்துக்கு எங்கள் காற்று ஆகாது. வார இதழ்களின் கம்பிப் பின்கள் ஓராண்டில் துருவேறி, நடுப்பக்கத்தில் காவிக் கறை படிந்துவிடும். புத்தகத்தை அரிக்கும் இராமபாணப் பூச்சிக்கு அந்தப் பெயர் எங்கள் தீவில் சற்று அதிகமாகவே பொருந்துகிறது. 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, என் அலமாரியின் கீழ்த்தட்டு முழுவதும் நனைந்து உப்பிப்போயிற்று. மறுபக்கம், 2020 டிசம்பரில் புரெவிப் புயல் எங்கள் கரையை ஒட்டி நகராமல் நின்றபோது, மின்சாரம் இல்லாத இரண்டு இரவுகளில் கைப்பேசியின் சார்ஜை அழைப்புகளுக்காகச் சேமித்துக்கொண்டு, இந்தக் கருவியில்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

அதற்காக இந்தக் கருவிக்கு உப்புக்காற்று பயப்படும் என்று எண்ண வேண்டாம். நீர் புகாது என்று விற்கப்படும் பேப்பர்ஒயிட்டின் குறிப்பை உற்றுப் படித்தால், நன்னீரில் 2 மீட்டர் ஆழத்தில் 60 நிமிடம் தாங்கும் என்றும், கடல்நீரில் கால் மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் தாங்கும் என்றும் இருக்கும். கணுக்காலுக்குச் சற்று மேலே வரும் அலையில் மூன்று நிமிடம். தவறி விழுந்தால் உடனே எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, நன்றாக உலர்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும். என் கருவி கடலில் விழவே இல்லை. மேசைமேல் இருந்தபடியே நான்காம் ஆண்டில் அதன் சார்ஜ் துளையில் களிம்பு ஏறிவிட்டது. கைப்பேசி பழுதுபார்க்கும் தம்பி ஒருவர் சிறு தூரிகையால் பொறுமையாகச் சுரண்டி எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து மூடி போட்ட நெகிழிப் பையில் வைக்கிறேன். அதுவே போதுமானதாக இருக்கிறது. எனவே, நீர்க்காப்பு என்ற ஒன்றுக்காக மட்டும் விலை கூடிய வகையை வாங்க நான் சொல்லமாட்டேன்.

எனக்கு உண்மையில் மனக்குறை தருவது வேறொன்று. அச்சில் ஒரு நாவல் வாங்கினால், நான் படித்தபின் அது அத்தை வீட்டுக்குப் போகும், அங்கிருந்து மதினி வாங்கிக்கொள்வார், கடைசியில் நடுப்பக்கத்தில் யாரோ அடையாளத்துக்குச் செருகிய பேருந்துச் சீட்டோடு திரும்பி வரும், அல்லது வராது. மின்னூல் அப்படிப் போவதில்லை. நாம் பணம் கொடுத்து வாங்குவது படிக்கும் உரிமத்தைத்தான். 2009-இல் பதிப்புரிமைச் சிக்கல் எழுந்தபோது, ஏற்கெனவே விற்ற இரண்டு ஆங்கில நாவல்களை வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் நீக்கியதும், 2025 பிப்ரவரியோடு வாங்கிய நூல்களைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக ஏற்றிக்கொள்ளும் வசதியை நிறுத்தியதும் இதைத்தான் காட்டுகின்றன. அதனால் திரும்பத் திரும்பப் படிப்பேன் என்று தோன்றும் நூலை இன்றும் அச்சிலேயே வாங்குகிறேன். இராமநாதபுரம் புத்தகத் திருவிழாவில் வாங்கும் பட்டியல் இதனால் குறைந்திருக்கிறதே ஒழிய நின்றுவிடவில்லை.

என் மச்சான் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வலையைச் சரிசெய்துகொண்டே கைப்பேசியில் கதைகளைக் காதில் கேட்டு முடித்துவிடுகிறார். இரண்டு கையும் வேலையில் இருப்பவருக்கு எந்தத் திரையும் பயன்படாது.

பணக்கணக்கைப் பார்த்தால், ஒரு நூலுக்கு அச்சு விலையைவிட 100 ரூபாய் மிச்சமாகிறது என்று வைத்துக்கொண்டாலும், நான் போட்ட முதலை எடுக்க 130 நூல்கள் விலைக்கு வாங்கிப் படித்திருக்க வேண்டும். நான் இன்னும் அந்த எண்ணைத் தொடவில்லை. ஆகவே சிக்கனத்துக்காக என்று சொல்லிக்கொண்டு யாரும் இதை வாங்க வேண்டாம். அதற்கு நூலக உறுப்பினர் அட்டை இருக்கிறது. வாங்கும் எண்ணம் இருந்தால், முதலில் கிண்டில் செயலியைக் கைப்பேசியில் இலவசமாக இறக்கி, இரண்டு முழு நூல்களை அதிலேயே படித்துப் பாருங்கள். இரண்டையும் முடித்துவிட்டால் உங்களுக்குக் கருவி தேவையில்லை. நூல் பிடித்திருந்தும் கண் எரிச்சலாலோ கவனச் சிதறலாலோ பாதியில் நின்றால், அப்போது வாங்குங்கள். என்னுடையதைப் போன்ற பழைய மைக்ரோ யுஎஸ்பி துளை கொண்டது மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கைப்பேசிக்கு இருக்கும் டைப்-சி கேபிளே இதற்கும் பொருந்தும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தமிழுக்குத் திரை ஆறு அங்குலத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பது நல்லது. சேமிப்பிடத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். எட்டு ஜிபியில் இத்தனை ஆண்டுகளில் நான் பாதியைக்கூட நிரப்பவில்லை.