பாராசூட்டில் இறங்கிய கூடையா, சலவைக் கூடையா?

இங்கிலாந்தில் பிரிஸ்டல் அருகே வசிக்கும் வாசகி ஒருவர், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பெரிய பிரம்புக் கூடை ஒன்றை வாங்கியிருக்கிறார். இரண்டாம் உலகப்போரில் பாராசூட் கட்டி விமானத்திலிருந்து போட்ட கூடை என்று சொல்லி விற்றார்களாம். "இது உண்மைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தூக்கும்போதெல்லாம் தரையில் மாவு மாதிரி கொட்டுகிறது. நன்றாகக் கழுவி வார்னிஷ் அடித்துவிடலாம் என்கிறார் என் கணவர். செய்யலாமா?" என்று கேட்கிறார்.

கழுவவும் வேண்டாம், வார்னிஷும் வேண்டாம். கூடையின் வயதையும் அது பட்ட பாட்டையும் சொல்லப்போவது அதில் படிந்திருக்கும் அழுக்கும் தேய்மானமும்தான். வார்னிஷ் அடித்துவிட்டால் அது பின்னலின் இடுக்கெல்லாம் இறங்கிக் கெட்டியாகிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. தண்ணீரில் முக்கினால் பழைய குச்சி ஊதிப்போய், காயும்போது வெடிக்கும்.

அடுத்து அந்த மாவு. போர்க்கால வரலாற்றைவிட இதுதான் அவசரம். அது மரப்புழு குடைந்த தூள். வட்டமாக, ஒன்று இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். புழு எப்போதோ செத்துப்போயிருந்தாலும், கூடையை அசைக்கும்போது பழைய தூள் கொட்டத்தான் செய்யும். அதனால் கூடையை ஒரு கறுப்புக் காகிதத்தின்மேல் வைத்து, இரண்டு மூன்று வாரம் தொடாமல் விட்டுவிடுங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை புழு வண்டாகி வெளியே வரும் காலம், அப்போது சோதித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். காகிதத்தில் புதிதாகச் சின்னச் சின்னக் குவியல்கள் விழுந்திருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அதுவரை வீட்டில் மற்ற மரச்சாமான்களோடு சேர்த்து வைக்காதீர்கள்.

புழு இருந்தால் மருந்து தேவையில்லை, குளிரே போதும். கூடையைக் கெட்டியான பாலித்தீனில் சுற்றி, காற்றை முடிந்தவரை அமுக்கி வெளியேற்றி, நாடா ஒட்டி மூடுங்கள். மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் இருக்கட்டும். வீட்டுப் பெட்டியில் கூடை நுழையாது என்றால், அருங்காட்சியகப் பொருள்களைப் பராமரிக்கும் நிபுணர்களைக் கேளுங்கள். அவர்களிடம் மைனஸ் 30 வரை போகும் பெரிய பெட்டி இருந்தால் மூன்று நாளில் வேலை முடிந்துவிடும். வெளியே எடுத்த உடனே பிரிக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டால், ஈரம் பாலித்தீனுக்கு வெளியே படியும், கூடையில் படியாது. அவசரப்பட்டு இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள்.

சரி, இனி உண்மையா பொய்யா என்பதற்கு வருவோம். பிரம்பு என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் முடைந்த கூடை எதைப் பார்த்தாலும் அப்படிச் சொல்லிவிடுவது வழக்கம். ஒடிந்த குச்சி ஒன்றின் நுனியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பிரம்பு ஒரு கொடி. அதன் வெட்டுமுகம் முழுக்க ஊசிமுனை அளவில் துளைகள் இருக்கும், உறிஞ்சுகுழல்களைக் கட்டாகக் கட்டி வைத்ததுபோல. நடுவில் ஒரே ஒரு மென்மையான பொட்டும் அதைச் சுற்றி மரமுமாகத் தெரிந்தால் அது விளார், அதாவது வில்லோ மரத்தின் மெல்லிய நீளக் குச்சி. கிரிக்கெட் மட்டை செய்யும் மரத்துக்கு உறவு.

இங்கிலாந்தின் போர்க்காலக் கூடைகள் வில்லோ விளாரால் ஆனவை. உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சாமர்செட் தாழ்நிலத்தில் அதைப் பயிராகவே வளர்த்தார்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் அடியோடு வெட்டிவிடுவார்கள், அதே கட்டை மறுபடி துளிர்க்கும். போரின்போது அந்தப் பகுதி விளாரும் முடைபவர்களின் கையும் ராணுவக் கூடைகளுக்குப் போயின. குச்சியின் நிறத்தையும் கவனியுங்கள். பட்டையோடு காயவைத்தது பழுப்பு. இளவேனிலில் பட்டை உரித்தது வெள்ளை. பட்டையோடு மணிக்கணக்கில் வேகவைத்து அப்புறம் உரித்தால், பட்டையின் துவர்ப்புச்சத்து இறங்கி மரம் செம்மஞ்சளாகும்.

விளார் என்பது மட்டுமே சாட்சி ஆகாது. சலவைக்கும் பஞ்சாலைக்கும் நாடகக் கம்பெனிக்கும் தபாலுக்கும் அந்தக் காலத்தில் இதே விளாரில்தான் பெட்டிகள் முடைந்தார்கள். சந்தையில் 'பாராசூட் கூடை' என்று விற்பவற்றில் அவைதான் அதிகம் கண்ணில் படுகின்றன. கீல் வைத்த மூடி, குறுக்கே இரும்புக் கம்பி, அடியில் சக்கரம் இருந்தால் சலவைக் கூடை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று குண்டு நிற்கும் அளவில் சின்னதாக இருந்தால் அது முதல் உலகப்போர்க் கால ஜெர்மன் பீரங்கிக் குண்டுக் கூடையாக இருக்கலாம். அதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் கதை வேறு. வானத்திலிருந்து போட்ட கூடைக்குக் கீல் கிடையாது. செவ்வகமான இரண்டு கூடைகள், ஒன்றின்மேல் ஒன்று கவிழ்ந்து ஆழமாக இறங்கி மூடும். சாமான் எவ்வளவோ அவ்வளவு உயரத்துக்கு நிறுத்தி, சுற்றிலும் வாரால் இறுக்கிவிடலாம். வார் மிஞ்சியிருந்தால் அதில் அகன்ற அம்புக்குறி, தயாரித்தவரின் முதலெழுத்துகள், ஆண்டு அச்சடித்திருக்கிறதா பாருங்கள். அம்புக்குறி பிரிட்டிஷ் அரசுச் சொத்தின் அடையாளம். ஆனால் வாரை மாற்றிக் கட்டுவது சுலபம் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

ஏன் விளார்? இரும்புப் பெட்டி தரையில் மோதினால் நசுங்கும். கூடையோ வளைந்து கொடுத்து அடியைத் தானே வாங்கிக்கொள்ளும். எடை குறைவு, போரில் தட்டுப்பாடான உலோகமும் வேண்டாம், திரும்பி வராவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. இதே யோசனையில்தான் பர்மாவில் போரிட்ட பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம்மின் 14வது ராணுவத்துக்காகக் கல்கத்தாவில் சணலால் பாராசூட் தைத்தார்கள். வழக்கமான பாராசூட்டின் விலை 20 பவுண்டு என்றால் சணலுக்கு ஒரு பவுண்டுக்குச் சற்று மேலேதான் ஆயிற்று.

இந்தக் கூடைகளை விமானக் கதவு வழியாகத் தள்ளியது சரக்கு இறக்கும் ராணுவ வீரர்கள். டகோட்டா விமானத்தின் தரையில் உருளைகள் பதித்த பாதை இருக்கும், அதன்மேல் உருட்டிக் கொண்டுவந்து வெளியே தள்ளுவார்கள். 1944 செப்டம்பர் 19 அன்று நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் நகருக்கு மேல் டேவிட் லார்ட் ஓட்டிய டகோட்டா 900 அடி உயரத்துக்கு இறங்கியபோது, அதன் வலது இறக்கையிலிருந்த எஞ்சின் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. ஒரு சுற்று முடிந்ததும், இன்னும் இரண்டு பாக்கி என்று பின்னாலிருந்து சொன்னார்கள். அந்த இரண்டுக்காக அவர் விமானத்தைத் திருப்பி மறுபடி வந்தார். அவையும் இறங்கின, சற்று நேரத்தில் இறக்கை முறிந்தது. உள்ளே இருந்த எட்டுப் பேரில் தப்பியவர் ஹாரி கிங் ஒருவர்தான். இறந்தவர்களில் நான்கு பேர் கூடை தள்ளியவர்கள். கூடைகள் விழுந்த நிலம் ஜெர்மானியர் வசம் இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. லார்டுக்கு பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா சிலுவை கொடுத்தார்கள். உங்கள் கூடை உண்மையானதாக இருந்தால் அது இவர்கள் கைபட்ட வகையைச் சேர்ந்தது. அதனால்தான் வார்னிஷ் என்றதும் எனக்குப் பதறுகிறது.

பராமரிப்பு எளிதுதான். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, முனையில் கொசுவலைத் துணி கட்டிய தூசி உறிஞ்சியால் மெல்ல எடுங்கள். வெயில் நேராகப் படும் ஜன்னலோரம் வேண்டாம். குளிர்காலத்தில் ரேடியேட்டர் பக்கமும் வேண்டாம், குச்சி காய்ந்து அப்பளம் மாதிரி நொறுங்கும். ஈரமான கராஜில் வைத்தால் பூசணம் பிடிக்கும். அறையின் ஈரப்பதம் 45 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். கைப்பிடியைப் பிடித்துத் தூக்காமல் அடியில் இரு கையும் கொடுத்துத் தூக்குங்கள்.

ஒடிந்த இடங்களில் புதுக் குச்சி செருகாதீர்கள், பழையதையும் சேர்த்து உடைத்துவிடும். அதே நிறப் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டினால் போதும். உதிர்ந்த துண்டுகளை எந்தப் பக்கத்திலிருந்து உதிர்ந்தது என்று எழுதி ஓர் உறையில் போட்டு வையுங்கள். அப்புறம், கூடையின் நான்கு பக்கத்தையும் அடிப்பாகத்தையும் வாரையும் படமெடுங்கள். கேம்பிரிட்ஜ் அருகே டக்ஸ்ஃபோர்டில் பாராசூட் படையினருக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே படத்தைக் காட்டிக் கேளுங்கள், கூடையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.