இ-மவுண்டன் பைக்கில் செயின் கைடு: கேள்வி பதில்

கேள்வி: என் மின்சார மலை சைக்கிளில் போஷ் சிஎக்ஸ் மோட்டார், முன் பல்சக்கரத்தில் 34 பல். கல் பாதையில் இறங்கினால் செயின் கழன்றுவிடுகிறது. செயினை மேலேயும் கீழேயும் கழலாமல் பிடிக்கும் முழு கைடு போடலாமா அண்ணா?

பதில்: காசு செலவழிக்கும் முன் டீரெய்லரில் (பின்னால் கியர் மாற்றும் பகுதி) செயினைத் தொங்கவிடாமல் இறுக்கிப் பிடிக்கும் கிளட்சைப் பாருங்கள் தம்பி. ஷிமானோ டீரெய்லர் என்றால் அதில் ஒரு சின்ன லீவர் இருக்கும். பின் சக்கரத்தைக் கழற்ற ஆஃப் செய்தவர்கள் திரும்ப ஆன் செய்ய மறந்துவிடுவார்கள். டீரெய்லரின் கீழே தொங்கும் கூண்டைக் கையால் முன்னால் இழுத்துப் பாருங்கள், நன்றாக எதிர்த்து நிற்க வேண்டும். அடுத்து செயின்ரிங், அதாவது முன் பல்சக்கரம். நேரோ-வைட் (ஒன்று ஒல்லி, ஒன்று தடிமன் என்று மாறி வரும்) பல் தேய்ந்து கூராகிவிட்டால் எந்தக் கைடும் காப்பாற்றாது. இதெல்லாம் சரியாக இருந்தும் கழன்றால் மேல் கைடு ஒன்று போதும். கீழ் ரோலரில் சேறு அடைக்கும், சத்தம் வரும். நான் போட மாட்டேன்.

ஆனால் கைடே வேண்டாம் என்றும் விட்டுவிடாதீர்கள். இந்த வகை மோட்டார் 85 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கு விசையோடு இழுக்கக்கூடியது. கழன்ற செயின் ஃபிரேமுக்கும் ரிங்குக்கும் நடுவே சிக்கிய நேரத்தில் அப்படி ஒரு இழுப்பு விழுந்தால் ஃபிரேமே சிதையும்.

கேள்வி: ஏறுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று 34-ஐ எடுத்துவிட்டு 32 பல் போட்டேன். கைடை அப்படியே விடலாமா?

பதில்: விடக்கூடாது. செயினில் ஒரு பல்லுக்கு 12.7 மி.மீ. கணக்குப் போட்டால் 2 பல் குறையும்போது ரிங்கின் ஆரம் சுமார் 4 மி.மீ. குறைகிறது. கைடு பழைய இடத்திலேயே இருந்தால் அந்த 4 மி.மீ. இடைவெளியில் செயின் தாராளமாக எகிறும். போல்ட்டைத் தளர்த்திக் கீழே இறக்குங்கள். செயினுக்கு மேல் ஒன்றிரண்டு மி.மீ. விட்டால் போதும். 2 பல் வித்தியாசத்துக்குச் செயினை வெட்டத் தேவையில்லை.

கேள்வி: ஸ்டாண்டில் வைத்துச் சுற்றினால் சத்தமே இல்லை. ஓட்டும்போது மட்டும் கரகரவென்று உரசுகிறது. ஏன் சார்?

பதில்: ஸ்டாண்டில் பின் சஸ்பென்ஷன் முழுதாக நீண்டு நிற்கிறது. நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் ஸ்விங்ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) மேலே வரும், செயினின் சாய்வும் மாறும். கைடு மோட்டாரோடு இருப்பதால் அசையாது. ஷாக்கில் காற்றை இறக்கி, பைக்கை முழுக்க அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பின்னால் உள்ள மிகப் பெரிய பல்சக்கரம், மிகச் சிறிய பல்சக்கரம் இரண்டிலும் கிராங்கை மெதுவாகச் சுற்றுங்கள். எங்கே தொடுகிறதென்று கண்ணாலேயே பார்க்கலாம். பக்கச் சுவரில் உரசினால் ஐஎஸ்சிஜி (கைடு மாட்டும் பொது அளவுத் துளைகள்) போல்ட்டில், கைடுக்கு உள்பக்கம் அரை மி.மீ. வாஷர் ஒன்று கூட்டியோ குறைத்தோ பாருங்கள். மேல் விளிம்பில் உரசினால் கைடின் பின்முனை இறங்கியிருக்கும், கொஞ்சம் திருப்பிவிடுங்கள்.

கேள்வி: என் ஃபிரேமில் கைடு மாட்டத் துளையே இல்லை. மோட்டார் உடம்பில் துளை போடலாமா?

பதில்: அய்யோ, வேண்டாம். தண்ணீர் உள்ளே போகும், வாரண்டியும் போகும். ஷிமானோ மோட்டாருக்கு யூனிட்டிலேயே மாட்டுகிற கைடு கிடைக்கிறது. மற்றவற்றுக்கு அந்த மோட்டாருக்கென்றே வரும் அடாப்டரைத் தேடுங்கள். போல்ட் நீளத்தில் கவனம். வாஷரை எடுத்துவிட்டுப் பழைய போல்ட்டையே முறுக்கினால் அதன் நுனி மோட்டார் கவசத்தில் போய் இடிக்கும்.

கேள்வி: வீட்டில் 3டி பிரிண்டர் இருக்கிறது. கைடை நானே அச்சடிக்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம், 60 டிகிரி பக்கத்திலேயே இளகிவிடும். நீண்ட ஏற்றத்தில் மோட்டார் பக்கத்தில் அதை நம்ப முடியாது. தாங்கும் தட்டை அலுமினியத்தில் வைத்துக்கொண்டு, செயின் தொடும் பகுதியை மட்டும் நைலானில் அடியுங்கள். தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். போல்ட்டுக்கு நீல லாக்டைட் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு போதும். சிவப்பு போட்டுவிட்டு அடுத்த முறை கழற்ற முடியவில்லை என்று என்னிடம் வராதீர்கள்.